பலசரக்குக் கடைக்குள் சாயப் பொடி: ரோடமின்-பி பற்றி வியாபாரிகள் அறிய வேண்டியவை

பலசரக்குக் கடையில் சாயப் பொடிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இல்லாமல் இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் கலர் கோலப்பொடி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. கிராமப்புறக் கடைகளில் துணிக்கு நிறமேற்றும் பொட்டலங்களும், பாய் நெய்வோரும் கூடை முடைவோரும் கேட்கும் சாயங்களும் ஆண்டு முழுவதும் விற்பனையாகின்றன. அதே கடையில், கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில், கேசரிப் பவுடர் டப்பாவும் இருக்கிறது. மூன்றும் பொடி. மூன்றிலும் சிவப்பு உண்டு, ரோஸ் உண்டு, மஞ்சள் உண்டு. கேசரிப் பவுடர் அளவோடு வாய்க்குள் போகலாம். மற்ற இரண்டும் எந்த அளவிலும் போகக் கூடாது. பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் இந்தப் பொடிகளைப் பிரித்து வைப்பது கடைக்காரர்களாகிய நம் பொறுப்பில்தான் இருக்கிறது.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், பிறகு பிப்ரவரி 17 அன்று தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். சென்னையில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தபோது ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரியவந்ததே காரணம். அடுத்த மாதமே கர்நாடக அரசும் பஞ்சு மிட்டாயிலும் கோபி மஞ்சூரியனிலும் இத்தகைய சாயங்களைச் சேர்க்கத் தடை விதித்தது. கடற்கரையில் குச்சியில் செருகி விற்பவர் இந்தச் சாயத்தைத் தாமே தயாரிக்கவில்லை. ஏதோ ஒரு கடையில், யாரோ ஒரு வியாபாரியிடம், காசு கொடுத்து வாங்கினார். அந்த இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேசப் போகிறோம்.

ரோடமின்-பி என்பது என்ன?

பச்சை நிறப் படிகமாகவோ, சிவந்த ஊதா நிறப் பொடியாகவோ கிடைக்கும். தண்ணீரில் விழுந்தால் கண்ணைப் பறிக்கும் ரோஸ் நிறம். ஒரு சிட்டிகை போதும், ஒரு வாளித் தண்ணீர் நிறம் மாறிவிடும். ஆய்வுக்கூடங்களில் நுண்ணோக்கிக்கு அடியில் வைக்கும் பொருள்களுக்குச் சாயமேற்ற இதைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, மிகச் சிறிய அளவில் கரைத்துவிட்டுக் கருவியால் பின்தொடர்வதும் உண்டு. தொழில்துறையில் துணி, காகிதம், தோல் ஆகியவற்றுக்கு நிறமேற்றுவதே இதன் முக்கியமான வேலை. இந்த வேலைகளுக்கெல்லாம் இது நல்ல சரக்குதான். உணவுக்கு மட்டும் ஆகாது.

உணவில் இதை ஏன் சேர்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலை மலிவு, சூட்டில் நிறம் கலையாது, கொஞ்சம் போட்டால் போதும். கடையில் விற்கும் உணவு நிறங்கள் பெரும்பாலும் உப்பு முதலியவற்றுடன் கலந்து நீர்த்துத் தரப்படுபவை. ஆகவே அதே விலைக்கு வாங்கிய தொழிற்சாலைச் சாயம் பல மடங்கு நிறம் கொடுக்கிறது. சிறு மிட்டாய் தயாரிப்பாளர் இதில் மயங்குவது வியப்பில்லை. "இந்தப் பொடி நல்லா பிடிக்குது" என்று அவர் திரும்பத் திரும்ப நம்மிடமே வந்து நிற்பார்.

தீங்கு எவ்வளவு?

இதில் மிகைப்படுத்தலும் வேண்டாம், மழுப்பலும் வேண்டாம். தடை வந்த சமயத்தில், பஞ்சு மிட்டாய் தின்றாலே புற்றுநோய் வந்துவிடும் என்பது போன்ற பேச்சு எங்கும் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின்-பியை மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்றோ உண்டாக்காது என்றோ வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பதே அதன் பொருள். எலிகளுக்குத் தோலடியில் ஊசி மூலம் செலுத்தியபோது அந்த இடத்தில் கட்டிகள் தோன்றின. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, இதை உண்ணலாம் என்று சொல்லப் பொறுப்புள்ள எவரும் முன்வர மாட்டார்.

அமெரிக்க நாட்டில் நடந்த ஒன்று இங்கே பொருத்தமானது. இதே சாயம் அங்கே "டி அண்ட் சி ரெட் 19" என்ற பெயரில் அழகுசாதனப் பொருள்களில் அனுமதிக்கப்பட்டிருந்தது. அதனால் வரக்கூடிய ஆபத்து 90 லட்சம் பேரில் ஒருவருக்கு என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் கணக்கிட்டு, அனுமதியைத் தொடர முனைந்தது. புற்றுநோய் உண்டாக்கும் நிறப்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கே இல்லை, ஆபத்து எவ்வளவு சிறியதானாலும் சரி என்று 1987இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் அனுமதி நீக்கப்பட்டது. அழகுசாதனத்துக்கே இந்த நிலை என்றால் குழந்தைகள் வாங்கித் தின்னும் மிட்டாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு உடனடியான ஆபத்து வேறு வகையில் இருக்கிறது. இந்தப் பொடியைக் கையாளுபவருக்கு அது நேராகவே கெடுதல் செய்யும். கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படுத்தக்கூடியது, விழுங்கினால் கெடுதல் என்று இரசாயனப் பாதுகாப்புக் குறிப்புகள் வகைப்படுத்துகின்றன. ஒரு பணிமனையில் இந்தச் சாயம் காற்றில் பரவி 17 பேர் பாதிக்கப்பட்டதைப் பற்றி 1987இல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே அந்தக் காற்றைச் சுவாசித்திருந்தும், ஏறக்குறைய அனைவருக்கும் கண் எரிச்சல், நீர் வடிதல், மூக்கு எரிச்சல் போன்றவை வந்தன. ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டது என்பது ஆறுதல். மூட்டையிலிருந்து பொடியை அள்ளிப் பொட்டலம் போடும் நம் கடைப் பையனும் இதே நிலையில்தான் நிற்கிறான். மூக்கைச் சட்டையால் துடைத்துக்கொண்டே அவன் வேலை செய்வதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பெயரைப் பார்க்காதீர், எண்ணைப் பாருங்கள்

சாய வியாபாரத்தில் பெயர் நம்பத் தகுந்ததன்று. ரோஸ், பிங்க், ரோடமின், பிரில்லியன்ட் பிங்க், பேசிக் வயலட் 10 என்று ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். இன்னும் வேடிக்கை, பழைய சாய அட்டவணையில் இதற்கு "புட் ரெட் 15" என்றும் ஒரு பெயர் உண்டு. புட் என்று போட்டிருக்கிறதே, உணவுக்கு ஆகும் போலிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்தோம். இந்தியாவில் இது உணவுக்கு அனுமதிக்கப்பட்டதே அல்ல.

ஆகவே பொட்டலத்திலும் டப்பாவிலும் நாம் தேட வேண்டியது சி.ஐ. எண். ஒவ்வொரு சாயத்துக்கும் உலகெங்கும் ஒரே எண். ரோடமின்-பியின் எண் 45170. இதை ஒவ்வொரு வியாபாரியும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. சிவப்பில் போன்சோ 4ஆர் (16255), கார்மோய்சின் (14720), எரித்ரோசின் (45430). மஞ்சளில் டார்ட்ரசின் (19140), சன்செட் எல்லோ (15985). நீலத்தில் இண்டிகோ கார்மைன் (73015), பிரில்லியன்ட் புளூ (42090). பச்சையில் பாஸ்ட் கிரீன் (42053). இந்தப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி, கேசரிப் பவுடர் வைக்கும் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைக்கலாம். இதில் இல்லாத எண் எதுவானாலும் உணவு நிறம் என்று விற்கக் கூடாது.

எரித்ரோசினின் எண்ணும் ரோடமின்-பியின் எண்ணும் 45 என்றே தொடங்குவதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நிறமும் ஏறக்குறைய ஒன்றே. அனுமதிக்கும் தடைக்கும் இடையே கடைசி மூன்று இலக்கங்கள்தான். பில் எழுதும்போது அவசரத்தில் இதைத் தவறவிடக் கூடாது.

அனுமதித்த எட்டு நிறங்களுக்கும் எல்லை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிட்டாய், பிஸ்கட், கேக், ஐஸ்கிரீம், ஜெல்லி, கஸ்டர்டு பவுடர் போன்று குறிப்பிட்ட சில பண்டங்களில் மட்டுமே சேர்க்கலாம். அதுவும் பொதுவாக ஒரு கிலோ பண்டத்துக்கு 100 மில்லி கிராமுக்கு மிகாமல். அதாவது 10 கிலோ மிட்டாய்க்கு 1 கிராம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பருப்பு, தேயிலை ஆகியவற்றில் எந்தச் செயற்கை நிறமும், அனுமதித்த நிறமே ஆனாலும், சேர்க்க இடமில்லை. "நல்ல கலர்தான் போட்டோம்" என்று சரக்கு கொடுத்தவர் சொன்னால், அந்தச் சொல்லே அவருக்கு எதிரான சான்று.

சாயம் எந்த வழியாக உணவுக்குள் வருகிறது?

வேண்டுமென்றே கலப்படம் செய்பவருக்காக நாம் இதை எழுதவில்லை. அவருக்கு வேறு பாடம் இருக்கிறது. அதை நீதிமன்றம் நடத்தும். நேர்மையான கடையில் கவனக்குறைவால் நடப்பதே நம் கவலை.

மேல் தட்டில் சாயப் பொட்டலம், கீழ்த் தட்டில் ரவையும் மைதாவும் இருந்தால், பொட்டலத்தில் எலி கடித்த ஓட்டை ஒன்று போதும். கோலப்பொடி அள்ளிய கரண்டியை உதறிவிட்டு உளுந்தில் போடுகிறோம். கோலப்பொடி நிறுத்த தராசுத் தட்டில் காகிதம்கூட விரிக்காமல் பொட்டுக்கடலையைக் கொட்டுகிறோம். சாயம் வந்த சாக்கு நன்றாக இருக்கிறதே என்று உதறி, மிளகாய் கட்ட எடுத்துக்கொள்கிறோம். இவற்றில் ஒன்றாவது நடக்காத கடை நம்மில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

வேறொரு வழியும் இருக்கிறது. "அண்ணாச்சி, ரோஸ் பவுடர் ஒண்ணு குடுங்க" என்று சிறுமி ஒருத்தி வந்து நிற்கிறாள். வீட்டில் அம்மா கேட்டது தேங்காய் பர்பிக்கு. புதிதாகச் சேர்ந்த பையன் கைக்கு எட்டிய துணிச் சாயத்தை எடுத்துக் கொடுக்கிறான். இருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பொருள்களையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே தட்டில் அடுக்கி வைத்தோமே, குறை அங்கேதான். நிறப் பொடி எது கேட்டாலும் "எதுக்கும்மா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கப் பையன்களைப் பழக்குங்கள். பதில் பலகாரத்துக்கு என்றால் மூடிய டப்பாவில் உள்ள உணவு நிறம் மட்டும். உதிரியாகப் பொட்டலம் கட்டி உணவு நிறம் விற்பதை அடியோடு நிறுத்திவிடுவதே நல்லது. தயாரித்தவர் பெயர், உணவு உரிம எண், நிறத்தின் பெயர், தேதி எல்லாம் அச்சான டப்பா நமக்கும் பாதுகாப்பு.

கடையில் வைக்கும் முறை

முடிந்தவரை சாயம் விற்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லாபம் சிறிது; வில்லங்கம் பெரிது. ஆனால் ஊரில் வேறு கடை இல்லாத நிலையில் பாய் நெய்பவரைத் திருப்பி அனுப்புவதும் முறையாகாது என்று சொல்லும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கீழ்க்கண்டபடி செய்யலாம்.

சாயத்துக்கு என்று மூடி போட்ட தனிப் பெட்டி வேண்டும். அது தரை மட்டத்தில், உணவுச் சரக்கிலிருந்து விலகி, குழந்தைகள் கைக்கு எட்டாதபடி பூட்டி இருக்க வேண்டும். தரை மட்டம் என்று சொல்வதற்குக் காரணம், சிந்தினாலும் கீழே உள்ள எதன் மீதும் விழாது என்பதுதான். பெட்டியின் மேல் "உணவுக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி ஒரு மண்டையோட்டுப் படம் போட்டாலும் தவறில்லை. கம்பெனி பொட்டலம் கட்டி அனுப்பியபடியே விற்க வேண்டும். உடைத்துச் சில்லறைக்கு விற்பதே எல்லாத் தொல்லைக்கும் வேர். கோலப்பொடியையும் இப்படியே மூடிய பாக்கெட்டாக வாங்கி விற்றால் மார்கழியில் நடைபாதையில் பறக்கும் வண்ணத் தூசி அரிசி மூட்டைமேல் படியாது. உதிரியாகத்தான் விற்போம் என்றால் தனிக் கரண்டி, தனித் தராசு, தனி ஆள். தனி ஆள் இல்லாத கடையில் அந்தப் பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உணவுச் சரக்கைத் தொடக் கூடாது.

மொத்த வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போட வேண்டியிருந்தால் அந்த வேலை கடைக்கு வெளியே, உணவுச் சரக்கு இல்லாத தனி அறையில் நடக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். ரப்பர் கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம், பக்கமும் மூடிய கண்ணாடி மூன்றும் தேவை. துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது. மெல்லிய பொடி துணி வழியே புகும். அந்த அறையில் வெற்றிலை போடுவதும் டீ குடிப்பதும் கூடாது. வேலை முடிந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

சிந்திவிட்டால் நம் வழக்கப்படி துடைப்பத்தை எடுக்காதீர்கள். பெருக்கினால் கடை முழுவதும் பரவி, எங்கெங்கு ஈரம் இருக்கிறதோ அங்கெல்லாம் நாளைக்கு ரோஸ் பூக்கும். வாளித் தண்ணீர் ஊற்றுவதும் தவறு. ஈரத் துணியையோ ஈரக் காகிதத்தையோ மேலே போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். கறை முற்றிலும் போகும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். பக்கத்தில் திறந்திருந்த மூட்டை மீது பட்டிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், மேலாக அள்ளி எறிந்துவிட்டு மீதியை விற்கும் எண்ணமே வேண்டாம். அந்த மூட்டை போனது போனதுதான்.

கண்ணில் பட்டால் குழாயடிக்கு ஓடுங்கள். இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குத் தகவல் சொல்லி, சாயப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பொட்டலத்தில் உள்ள பெயரும் எண்ணும் மருத்துவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். தோலில் பட்ட கறையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். இரண்டு நாள் கை சிவந்து கிடந்தாலும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது.

வாங்கும் சரக்கைப் பார்ப்பது

மண்டியிலிருந்து வரும் கேழ்வரகிலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் பளபளப்புக்காக ரோடமின்-பி ஏற்றப்படலாம். இதைப் பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு பஞ்சு உருண்டை எடுத்து, ஒன்றைத் தண்ணீரிலும் மற்றதைச் சமையல் எண்ணெயிலும் நனைத்து, தனித்தனியே சரக்கின் மேல் தேயுங்கள். பஞ்சில் சிவப்போ ரோஸோ ஒட்டினால் சரக்கை இறக்க வேண்டாம். மிளகாய்த்தூளைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தண்ணீரின் மேல் தூவினால், கரையும் சாயம் இருந்தால் கோடு கோடாக நிறம் உடனே கீழே இறங்கும். பச்சைப் பட்டாணியை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டு, தண்ணீர் பச்சையாகிறதா என்று பார்க்கலாம்.

கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு பல கடைகளில் இருக்கிறது. ரோடமின்-பி மிகக் குறைவாகக் கரைந்த தண்ணீரை அதன் கீழ் இருட்டில் பிடித்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஆனால் எரித்ரோசினும் ஓரளவு ஒளிரக்கூடியது என்பதால், விளக்கைப் பார்த்தே யாரையும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது.

இந்தச் சோதனைகளுக்கு உள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். 2003இல் நம் நாட்டிலிருந்து போன மிளகாய்ச் சரக்கில் சூடான்-1 என்ற சாயம் இருப்பதைப் பிரான்ஸ் நாட்டில் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பா முழுவதும் கட்டுப்பாடு வந்தது. 2005 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஒரு சாஸ் வகையில் சேர்த்த மிளகாய்த்தூளில் அதே சாயம் இருந்ததால், அந்தச் சாஸைச் சேர்த்துத் தயாரித்த 400க்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அது எண்ணெயில் கரையும் சாயம். மெழுகுக்கும் காலணி பாலிஷுக்கும் போடுவது. தம்ளர் தண்ணீரில் அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஆகவே தண்ணீர்ச் சோதனையில் தேறிய மிளகாய்த்தூள் சுத்தமானது என்று சத்தியம் செய்ய முடியாது.

மஞ்சள்தூளுக்கு அமிலச் சோதனை செய்து பார்க்கும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. மெட்டானில் மஞ்சள் (13065) என்ற சாயம் கடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிவக்கும் என்பது உண்மை. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை அறிய அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் கலப்படமில்லாத மஞ்சளும் கடும் அமிலத்தில் சிவக்கத்தான் செய்யும். தண்ணீர் விட்டு நீர்த்தபின் அந்தச் சிவப்பு மறைந்தால் மஞ்சளின் இயல்பு. மறையாமல் நின்றால்தான் சாயத்தின் மீது ஐயம். இந்த இரண்டாவது பாதியை மறந்துவிட்டு, நல்ல சரக்கு கொடுத்தவரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்கும் மேலாக, கடை மேசையில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை வைத்துக்கொண்டு சோதனை செய்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்து இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சந்தேகம் வந்தால் ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி. சென்னை கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. சரக்கு வாங்குபவர் எவரும், வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வு செய்துகொள்ளச் சட்டத்தின் 40ஆவது பிரிவு இடம் தருகிறது. மண்டியில் வாங்கும் சில்லறை வியாபாரிக்கும் இந்த உரிமை உண்டு. சொல்லிப் பாருங்கள், சிலர் அந்த மூட்டையை உள்ளே எடுத்துப் போய்விட்டு வேறு மூட்டை கொண்டு வருவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் நம்மவர் பலர் அறியாத பிரிவு 57. கலப்படப் பொருளை விற்பது மட்டுமல்ல, இருப்பு வைப்பதும் அதில் குற்றம். உடலுக்குத் தீங்கு செய்யாத பொருளானால் 2 லட்சம் ரூபாய் வரை, தீங்கு செய்யும் பொருளானால் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம். உணவைப் பாதுகாப்பற்றதாக்கப் பயன்படக்கூடிய எந்தப் பொருளும் கலப்படப் பொருள் என்பது அச்சட்டத்தின் விளக்கம். ரோஸ் சாயப் பொட்டலம் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்தால், அது பாய்க்காக வைத்தது என்று சோதனைக்கு வந்த அலுவலரிடம் எப்படி மெய்ப்பிப்பது? பூட்டிய தனிப் பெட்டியும், எழுதிய பலகையும், கொள்முதல் பில்லும் இருந்தால் பேச வழி உண்டு. பாதுகாப்பற்ற உணவை விற்று அதனால் உயிரிழப்பு ஏற்பட்டால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, அது ஆயுள் வரை நீளலாம். அபராதமும் 10 லட்சத்துக்குக் குறையாது.

பில் இல்லாமல் சரக்கு வாங்கும் பழக்கத்துக்கு இங்கே ஒரு வார்த்தை. யாரிடமிருந்து வாங்கியது என்று காட்ட முடியாத உணவுச் சரக்குக்குச் சில்லறை விற்பனையாளரே பொறுப்பு என்கிறது பிரிவு 27. மாறாக, மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லையே அந்தச் சரக்கின் தரத்துக்கு அவர் எழுதிக்கொடுத்த உத்தரவாதமாகக் கொள்ளலாம் என்கிறது பிரிவு 26. துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்க்காக இந்தக் கவசத்தை விட்டுக்கொடுப்பது நல்ல வியாபாரம் ஆகாது. மொத்த வியாபாரிகளும் சாயம் விற்கும்போது பில்லில் சி.ஐ. எண்ணையும் "உணவுக்கு அல்ல" என்ற சொற்களையும் எழுதிவிட வேண்டும். கேட்பவர் மிட்டாய் தொழில் செய்பவர் என்று தெரிந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அலுவலர் மாதிரி எடுக்க வந்தால் பதற்றப்பட வேண்டியதில்லை. சாட்சி முன்னிலையில் எடுத்து, சரக்கின் விலையைக் கொடுத்து, நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடுவார். ஒரு பாகம் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பாகம் நியமன அலுவலருக்கும் போகும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி அந்த இடத்திலேயே எழுத்து மூலம் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அறிக்கை பாதகமாக வந்தால், கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியாக, கடையின் பின்கட்டில் எந்தக் காலத்திலோ வாங்கி, பெயர் அழிந்து கிடக்கும் சாயப் பொட்டலங்களைப் பற்றி. சாக்கடையில் கொட்டினால் நீரில் வாழும் உயிர்களுக்குக் கேடு, கிணற்றடி மண்ணில் புதைத்தால் நமக்கே கேடு, எரித்தால் புகை. தயாரித்தவர் பெயர் தெரிந்தால் அவரிடமே திருப்பி அனுப்புங்கள். தெரியாதவற்றை இரண்டு பை போட்டுக் கட்டி, மேலே "விஷச் சாயம்" என்று எழுதி, அபாயக் கழிவு வாங்கும் ஏற்பாடு குறித்து உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு அதன்படி ஒப்படையுங்கள். அதுவரை அந்தப் பை பூட்டிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.